படமும் பெயரும்: ஊவாத் தோட்ட மாந்தரும் இற்றைநாட் புகைப்படக் கலையும்

கலைகள் பலவற்றுள்ளும் வயதால் இளையது புகைப்படக் கலை. ஓவியமும் சிற்பமும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையன. புகைப்படமோ 1839ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே டாகேர் என்பார் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னரே பரவலாயிற்று. எனினும், இக் கலையின் ஆட்சி ஏனைய கலைகளின் ஆட்சியினும் விரிந்தது. தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் சிலர். படமெடுக்கும் கருவியை அழுத்தத் தெரியாதவரோ இன்று அரியர். இவ்வெளிமை காரணமாகவே புகைப்படம் கலையாமோ என்ற ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. ஒளியும் நிழலும் இயைந்த இயைபு, சட்டத்துள் பொருள்களை நிறுத்திய திறம், கணத்தைப் பற்றிய விரைவு என்பனவற்றைக் காட்டி அவ்வையத்தை அகற்றினர் அறிஞர். மரத்தையும் மலையையும் காட்டும் படத்துக்கு இக் கோல்கள் போதுமானவை. மாந்தரைப் பொருளாகக் கொண்ட படத்துக்கு இன்னுமொரு கோல் வேண்டும். படத்தில் நிற்பவர் அதில் யாராக நிற்கின்றார் என்பதே அக் கோல்.

இற்றைநாட் புகைப்படக் கலைஞரிற் சிறந்தார், செய்தித்தாளும் வணிக நிறுவனமும் ஏவும் பணிகளை ஊதியத்தின் பொருட்டுச் செய்துகொண்டே, தம் உள்ளம் பற்றிய ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்துத் தொகுத்துக் காட்சியாகவும் நூலாகவும் வெளியிடுகின்றனர். இத்தகையவற்றைத் தன்விருப்பத் தொகுப்பு என்று சுட்டலாம். ஒருவர் ஏவாத பணியாதலின், இதிலேதான் கலைஞனின் நோக்கு கலப்பின்றி வெளிப்படும். தமிழகத்தில் இத்தகைய தொகுப்புகள் அண்மைக் காலத்தில் தோன்றி உலக அரங்கிலும் மதிப்புப் பெற்றுள்ளன. அவற்றை ஊவா மாகாணத் தோட்டங்களின் நிலையோடு பொருத்தி நோக்குவது பயனுடைத்து. ஏனெனின், நூற்றைம்பது ஆண்டுகளாக ஓயாது படமெடுக்கப்பட்டும், தம் படத்தைத் தமதெனச் சொல்லும் வாய்ப்புக் குறைவாகவே பெற்ற மாந்தர் அத் தோட்டங்களில் வாழ்கின்றனர்.

முதற்கண், படத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவு பற்றித் தமிழ் மரபு கூறுவதை நோக்கல் வேண்டும். அன்பின் ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுமிடத்துத் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையிலே வேலின் தலையிற் கட்டிய வேம்பு என்னும் ஒரே குறிப்புப் பாண்டியனைச் சுட்டுதலால், அகப்பொருள் நிரம்பிய அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். சிறியதோர் அடையாளமும் ஆளைக் காட்டிவிடும் என்பதை நம் முன்னோர் இத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர். புறத்திணையின் நிலை இதற்கு மறுதலையானது. அங்கே பெயர் இன்றியமையாதது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் நிரல்படக் கூறுகின்றது. செங்கம் முதலிய இடங்களிற் கிடைத்த நடுகற்களில் வீரனின் உருவமும் பெயரும் அவன் வீழ்ந்த காரணமும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டு மாண்ட ஊர்க்காவலனும் அவ்வாறு பொறிக்கப்பட்டான். அரசனாதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை.

ஆகவே, தமிழ் மரபிற் பெயரின்மையும் ஒரு சிறப்பு. பெயருடைமையும் ஒரு சிறப்பு. அகத்தில் பெயர் மறைவது அவ்வுணர்வு எல்லார்க்கும் உரியதாதற்பொருட்டு. புறத்தில் பெயர் பொறிப்பது அச்செயல் ஒருவர்க்கே உரியதாதற்பொருட்டு. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. ஆளின் உள்ளமும் புலப்படாது, பெயரும் புலப்படாது, அவர் கையிலுள்ள கருவி மாத்திரம் புலப்படும் நிலை அது. மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிய பழம் படங்கள் பெரும்பாலும் இம் மூன்றாம் நிலையின.

இலங்கையின் புகைப்பட வரலாற்றில் மதிப்புக்குரிய பெயர் ஜூலியா மாகரெட் கமரன் அம்மையாருடையது. இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் கார்லைல், ஹேர்ஷல், டெனிசன், டார்வின் முதலிய பேரறிஞரின் முகங்களை அவர் எடுத்த படங்கள் இக் கலைக்கே இலக்கணமாயின. கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்த கணவரோடு 1875இல் இலங்கைக்கு வந்த அம்மையார், 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதியிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சுவன சிலவே. அவற்றிலும் ஒளியைக் கையாளும் அதே கைத்திறம் உண்டு. முகத்தின் ஆழத்தை நாடும் அதே வேட்கையும் உண்டு. ஆயினும், இங்கிலாந்திற் படங்களுக்கு ஆள் பெயரைத் தலைப்பாக இட்ட அதே கை, இங்கே களுத்துறைக் குடியானவர் குழு என்றும் தோட்டத் தொழிலாளர் என்றும் எழுதி அமைந்தது. இங்கிலாந்திலும் தம் இல்லத்துப் பணிப்பெண்டிரை விவிலிய மாந்தராக வேடமிட்டு அவர் நிறுத்தியதுண்டு. ஆதலின் குறையை அவருடைய உள்ளத்தின் மேல் முற்றும் ஏற்றுதல் நேரிதன்று. அக்காலக் குடியேற்ற ஆட்சியின் கண்ணே அவ்வாறு பழகியிருந்தது.

கமரன் அம்மையாரிடம் விதிவிலக்கெனச் சில முகங்களேனும் கிடைக்கின்றன. ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய வணிகப் படப்பிடிப்பு நிலையங்கள் கோப்பி, தேயிலைத் தோட்டங்களை எடுத்து விற்ற படங்களில் அதுவும் அருகிற்று. 1869 முதல் இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியபோது, அப்பயிரை உலகுக்கு அறிமுகஞ் செய்யும் வேலையைப் படமே ஏற்றது. ஊவாவுக்கு இதில் தனியிடம் உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைப் பகுதியிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்னும் பொருள்பட விளம்பரம் செய்தார். தலையிற் கட்டிய கயிற்றில் முதுகுக் கூடை தொங்க, புன்முறுவலோடு நிற்கும் தமிழ்ப்பெண்ணின் உருவம் அக்காலந்தொட்டுத் தேயிலைப் பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் உலகெங்கும் சென்றது. நெடுநல்வாடையின் வேம்பு ஆளைச் சுட்டியது. இப்படங்களின் கூடையோ தொழிலை மட்டும் சுட்டியது. கூடையை நீக்கிவிட்டால் அப்பெண் இன்னாள் என்று சொல்வதற்குப் படத்தில் வேறொன்றும் இல்லை.

கலைத்தரம் மிகுந்த முயற்சிகளும் இக்குறையினின்று தப்பவில்லை. பசில் ரைட் இயக்கிய இலங்கைப் பாட்டு என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படம் ஆவணப்பட வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றது. அதற்குப் பொருளுதவி செய்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதன் உரையைப் படித்தவர் இலங்கையின் தலைசிறந்த புகைப்படக் கலைஞராகிய லயனல் வென்ட். நான்கு பகுதிகளைக் கொண்ட அப்படத்திலே சிவனொளிபாத மலை யாத்திரையும் கிராமத்துத் தொழில்களும் கூத்தும் வழிபாடும் விரிவாக இடம்பெறுகின்றன. தேயிலைத் தொழிலாளியோ வணிகத்தின் குரல்கள் என்ற பகுதியில் ஓரமாகத் தோன்றி மறைகின்றார். செலவுக்கு ஊற்றாகிய உழைப்பு காட்சிக்கு ஊற்றாகவில்லை. லயனல் வென்ட் 1944இல் மறைந்தபின் 1950இல் வெளிவந்த அவரது படநூல், இலங்கையில் தன்விருப்பத் தொகுப்புக்குத் தலையாய எடுத்துக்காட்டு. சந்தைக்கென எடுக்காது தம் நெஞ்சுக்கென எடுத்தமையால் அது வாழ்கின்றது. அத்தகைய நெஞ்சு ஒன்று தோட்டத்தின் உள்ளிருந்து தோன்றுவதற்கு அக்காலம் இடந்தரவில்லை.

இடந்தராமைக்குக் காரணம் கருவியின் விலை மாத்திரமன்று. தோட்டத்தில் பெயர் என்னும் சொல்லே வேறு பொருள் பூண்டிருந்தது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே கணக்குப் புத்தகத்திற் பதியப்படுவது பேர். நாள்முழுதும் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தாலோ நேரம் தவறினாலோ அரைப்பேர். ஒருவரின் பெயர் அன்றைய கூலியின் அளவாகச் சுருங்கிய இவ்வழக்கு, தோட்ட வாழ்வின் முழு இலக்கணத்தையும் இருசொல்லில் அடக்குகின்றது. பாதியாக வெட்டத்தக்க பெயரை உடையவர்க்கு, படத்தின் கீழ் முழுப்பெயர் எழுத எவர்க்குத் தோன்றும்?

நாடு விடுதலை பெற்றபின் நேர்ந்தது இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைச் சான்றுகளால் நிறுவ வேண்டியவராயினர். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதாக விட்டது. இந்தியா செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். கூடையின்றி, கொழுந்தின்றி, நேரே நோக்கிய முகமும் அதனருகே முழுப்பெயருமாக அமைந்த படம் தோட்ட மக்களிற் பலர்க்கு இவ்வாறே வாய்த்தது எனலாம். படமும் பெயரும் ஒன்றுசேர்ந்த அக்கணமே நாட்டைவிட்டு நீங்கும் கணமும் ஆயிற்று. எஞ்சியோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இழுபறியாகவே நின்றது. படத்தையும் பெயரையும் பற்றிய ஆராய்ச்சி இம்மக்களைப் பொறுத்தவரையில் வெறும் அழகியல் ஆராய்ச்சியன்று என்பது இதனாற் பெறப்படும்.

உலகப் புகைப்பட வரலாறும் இவ்வழக்கை இரு கூறாகக் காட்டுகின்றது. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் கூடாரத்திலே டொரத்தியா லாங் எடுத்த குடிபெயர்ந்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. குழந்தைகள் தோளிற் சாய, கன்னத்தருகே கைவைத்துத் தொலைவு நோக்கும் அவ்வன்னையின் பெயரை லாங் கேட்டறியவில்லை. 1978ஆம் ஆண்டிலேயே அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது உலகுக்குத் தெரிந்தது; தம் படத்தினால் தமக்கு ஒரு நன்மையும் விளையவில்லை என்ற மனக்குறையும் அப்பொழுதே வெளிப்பட்டது. படம் பல்லாயிரவரின் துயரைத் துடைக்கப் பயன்பட்டது உண்மை. படத்துக்குரியவர் அதனின்று விலக்கப்பட்டிருந்ததும் உண்மை. லாங்கிற்கு முன்னரே, 1908 முதல், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவரைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், இயன்றவிடமெல்லாம் பெயரையும் வயதையும் வேலைநேரத்தையும் கூலியையும் கேட்டுக் குறித்துவந்தார். அவர் படங்கள் அழகிற் குறைந்தன அல்ல. குறிப்போடு கூடியமையால் மறுக்கவொண்ணாச் சான்றுகளுமாயின. சிறுவர் உழைப்பைத் தடுக்கும் இயக்கத்துக்கு அவை பெருந்துணை செய்தன. பெயரெழுதுவதாற் கலை தாழ்ந்துவிடும் என்பாரின் கூற்று ஹைன் முன் நில்லாது.

இனி, இன்றைய தமிழ்க் கலைஞர் இருவரை எடுத்துக்கொள்ளலாம். இருவரும் மதுரைச் சீமையினர். ஊவாத் தோட்ட மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய மாவட்டங்களின் நிலமும் உழைப்பும் சாதியமைப்புமே இவர்தம் படங்களின் பொருள். ஆதலின் இவர்களின் பணி பதுளையிலிருந்து நோக்குவார்க்கு அயலன்று. கடல் இடையிட்ட உறவின் முகமே.

முதலாமவர் எம். பழனிக்குமார். மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகனாக வளர்ந்து, முதற்கண் அத்தாயின் உழைப்பையே படமாக்கக் கற்றவர். 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் கக்கூஸ் என்ற ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். கையால் மலமள்ளும் தொழிலில் உழல்வோரையும், கழிவுநீர்க் குழிகளில் மாண்டோரின் குடும்பங்களையும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து எடுத்துவருகின்றார். பி. சாய்நாத் 2014இல் நிறுவிய இந்திய ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்திலே அவருடைய தொகுப்புகள் பல வெளிவந்துள்ளன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்கள் கடலுள் மூழ்கிப் பாசி எடுக்கும் தொழிலைப் பற்றிய தொகுப்பு அவற்றுள் ஒன்று. மலையில் நிற்பவள் கிள்ளுவதும் கொழுந்து. அக்கடலில் மூழ்குபவள் தேடும் பாசிவகை ஒன்றின் பெயரும் மரிக்கொழுந்து. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய காலத்தில் மக்களை அடைத்துச் சோதித்தனுப்பிய மண்டபம் முகாம் அதே கடற்கரையைச் சார்ந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் திரும்பி வந்தோர் தங்கவைக்கப்பட்டதும் அங்கேயே.

பழனிக்குமாரின் படங்களிலே உழைப்பின் கருவிகள் இல்லாமலில்லை. வலையும் பையும் கண்ணாடியும் துடைப்பமும் எங்கும் உள்ளன. வேறுபாடு எங்கே எனின், அவற்றை ஏந்தியவர் தம் பெயரோடும் வயதோடும் வாய்மொழியோடும் வருகின்றார். துயருற்ற குடும்பத்தைப் படமெடுக்குமிடத்து, இறந்தவரின் படத்தை ஏந்தி நிற்கும் உறவினரை அவர் நிறுத்துகின்றார். படத்துள் படமாக அமையும் அவ்வமைப்பு நடுகல்லுக்கு ஒப்பாகின்றது. உருவமும் பெயரும் வீழ்ந்த காரணமும் ஒருங்கே பொறிக்கப்படுதலின், அது புறத்திணையின் வழிப்பட்ட கலை. குற்றம் ஒன்று சொல்லவேண்டுமாயின், கண்ணீரின் காட்சி மீளமீள வருதலாற் காண்பார் நெஞ்சு மரத்துப்போகும் இடர் இத்தகைய தொகுப்புகளுக்கு உண்டு. துன்பமும் ஒரு கூடையாகிவிடக்கூடும். இவ்விடரை அவர் உணர்ந்தவர் என்பதற்கு, மீனவப் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளரின் பிள்ளைகளுக்கும் கருவியைக் கையிற் கொடுத்துப் படமெடுக்கக் கற்பித்துவரும் அவரது தொண்டு சான்று. தாம் எடுத்ததோடு அமையாது, எடுக்கப்பட்டவரை எடுப்பவராக்குதல் கலைஞனின் உயர்ந்த பணிவு.

இரண்டாமவர் வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன். எவரிடமும் முறையாகப் பயிலாது தாமே கற்றுக்கொண்டவர். கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வந்து விழுப்புரத்து விடுதியில் தங்கும் திருநங்கையரின் வாழ்வைக் காட்டும் தொகுப்பு ஒன்றனால் முன்னர் அறியப்பட்டார். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றினால் ஊரடங்கு வந்தபோது வாடிப்பட்டி இல்லத்தில் தங்க நேர்ந்த அவர், தம் குடும்பத்தையே பொருளாகக் கொண்டார். மீனைப்போல் உணர்கின்றேன் என்னும் பொருள்படும் தலைப்புடைய அத்தொகுப்பு அவ்வாறு பிறந்தது. அவருடைய பாட்டியார் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்க்கெனப் பள்ளி நிறுவியவர். பெருமையும் காயமும் ஒருங்கே உடைய அக் குடும்பத்தின் அன்றாடத்தை, வெளியிலிருந்து வந்தோர் காணமுடியாத அணிமையில் அவர் காண்கின்றார்.

இங்கே தொழிலும் இல்லை, கருவியும் இல்லை, விழாவும் இல்லை. வீடும் முற்றமும் அவற்றினுள் அமைந்த உயிர்களுமே உள்ளன. ஒடுக்கப்பட்டவரின் படமென்றால் ஒடுக்குமுறையின் படமாதல் வேண்டும் என்று எதிர்பார்ப்பாரை இத்தொகுப்பு ஏமாற்றுகின்றது; அவ்வேமாற்றமே அதன் வெற்றி. பழனிக்குமாரின் கலை புறமாயின், ஜெய்சிங்கின் கலை அகம். அகத்திற்குரிய இடர்ப்பாடும் அதற்குண்டு: பின்னணி அறியாதார் இதனைக் குடும்பப் படங்களின் தொகுதி என்றளவிற் கடந்துபோகலாம். ஆயினும், தம் மக்களை எவர்க்கும் சான்றாக நிறுத்தாது, வாழ்வோராக நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது.

இவ்விரு வழிகளையும் மனங்கொண்டு ஊவாவை நோக்கின், அங்கே இன்று படங்களுக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். 1924இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. அப்பாதையிலே தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், இந்நாளில் உலகத்தாரின் கைப்பேசிகளில் எல்லாம் உறைகின்றது. அப்புத்தளையில் லிப்டன் அமர்ந்து தம் உடைமையை நோக்கினார் எனப்படும் முகட்டிலே இன்று சுற்றுலாப் பயணிகள் அமர்ந்து படமெடுக்கின்றனர். மலைநாட்டின் சுற்றுலா வழிகளில், சிறுபணம் பெற்றுக் கூடையோடு நின்று காட்டும் பெண்களையும் காணலாம். நூறாண்டுக்கு முற்பட்ட தேயிலைப் பெட்டியின் படத்தை, அப்பெட்டிக்குக் கொழுந்து கொடுத்தவளின் கொள்ளுப்பேத்தி நடித்துக்காட்டும் நிலை இது. அவள் பெறும் சிறுபணத்தைக் குறைகூறல் தகாது; அது கூலியின் குறையை நிரப்புகின்றது. குறை பார்ப்பாரின் கண்ணில் உள்ளது.

இக்கண்ணின் குறை உயிரோடு தொடர்புடையது என்பதை 2014 அக்டோபர் 29ஆம் நாள் காட்டிற்று. அல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் காலைப்பொழுதில் மண்சரிவிற் புதைந்தன. அவ்விடம் வாழத்தக்கதன்று என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. மறைந்தோர் எத்துணையர் என்பதில் முதல் நாட்களில் வெளிவந்த எண்கள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. நூற்றைம்பது ஆண்டுகளாகப் படமெடுக்கப்பட்டும், கணக்கேட்டில் நாள்தோறும் பேர் விழுந்தும் வந்த மக்களின் தொகையை, அவர்கள் மண்ணுட் சென்ற அன்று உடனே சொல்ல முடியவில்லை. உலகெங்கும் சென்ற செய்திப்படங்கள் சேற்றையும் மீட்பு எந்திரங்களையும் காட்டின. லயத்துக் காம்பராக்களிற் சாமிப் படங்களின் பக்கத்திலே பொட்டும் மாலையும் இட்டு மாட்டப்படுவன மறைந்த பெற்றோரின் படங்கள். பட்டணத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் நல்லாடை உடுத்து எடுத்த அவைதாம் இம்மக்களின் உண்மையான உருவப்படங்கள். அவற்றில் கூடை இல்லை. மண் மூடியபோது ஒரு குலத்தின் காட்சிக்கூடமும் உடன் மூடிற்று.

ஊவாவிலிருந்து எழவேண்டிய தன்விருப்பத் தொகுப்பின் பொருள் இங்கேயே கிடக்கின்றது. சாமித்தட்டில் உள்ள பழம் படங்களை வீடுதோறும் சென்று கண்டு, படத்துக்குரியவரின் பெயரையும் ஊரையும் உறவையும் கேட்டெழுதி, ஏந்தி நிற்பவரோடு மீண்டும் படமெடுத்தால் அதுவே புறம். மழைநாளிற் காம்பராவின் அடுப்பங்கரையும், பிள்ளைக்காம்பராவின் தொட்டிற் சேலையும், காமன் கூத்துக்கு வேடம் புனையும் இளைஞனும், கொழும்புக் கடையிலிருந்து தீபாவளிக்கு வந்து திரும்பும் மகனுக்காகத் தாய் கட்டும் பொதியும் அகம். இப்பணியைச் செய்யத் தக்கார் பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் கற்கும் தோட்டப் பிள்ளைகளே. கருவி அவர்கள் கைப்பேசியில் உள்ளது. குறைவது பயிற்சியும், தம் வீடு படத்துக்குரியது என்ற துணிவும்.

இலக்கியத்தில் இத்துணிவு முன்னரே பிறந்தது. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே தோட்டத்து மாந்தரைச் சொல்லோவியங்களாகத் தீட்டினார். பதுளைப் பகுதித் தோட்டத்திற் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயராக அணிந்த தெளிவத்தை ஜோசப், 2022இல் மறையும் வரையில் லயத்து வாழ்வை உள்ளிருந்து எழுதினார். தோட்டம் மனிதனுக்குப் பேர் போட்ட காலத்தில், மனிதன் தோட்டத்துக்குப் புகழ்ப்பெயர் ஈட்டிக்கொடுத்த நிகழ்ச்சி அது. கம்பளைக்கு அண்மையில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பொருள்களைக் காத்துவருகின்றது. 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், மலையகத் தமிழர் என்ற பொதுப்பெயரை உரத்துச் சொல்லினர். பொதுப்பெயர் நிலைபெற்றது, அதன் கீழ் நிரல்பட எழுதவேண்டிய தனிப்பெயர்கள் எஞ்சியுள்ளன.

ஒரு தடை எழலாம். பெயரை வெளியிடுதல் தொழிலாளர்க்குத் தீங்கு விளைக்காதோ எனின், விளைக்கவுங்கூடும். அங்கே பெயரை மறைத்தல் கலைஞனின் கடன். ஆயினும், கேட்டறிந்து மறைத்தல் வேறு. கேளாமலே விடுதல் வேறு. அகப்பொருட் புலவன் தலைவியின் பெயரைச் சொல்லாதது அவள் உள்ளத்தை நன்கறிந்தமையால். தேயிலைப் பெட்டிக்குப் படமெடுத்தவன் சொல்லாதது அறியாமையால். இரு பெயரின்மையும் ஒன்றாகா.

ஆகவே, மாந்தரைக் காட்டும் புகைப்படத்துக்குக் கூறிய கோல் இதுவென முடிக்கலாம்: படத்திலிருப்பவர் அதனைக் கண்டு, இது நான் என்று சொல்லக்கூடுமாயின் அது கலை, இது என் வேலை என்று மட்டும் சொல்லக்கூடுமாயின் அது விளம்பரம். ஆடி முதல் புரட்டாதி வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு வேறெங்கும் இல்லாத மணம் உண்டாகின்றது என்பர். அம்மணத்தின் பெயர் உலகச் சந்தைகளில் நன்கு தெரியும். அக்காற்றில் நின்று கொழுந்தெடுத்தவரின் பெயர் தெரியவேண்டிய காலம் வந்துவிட்டது. அதனை எழுதும் கை அவர்தம் மக்களின் கையாதல் வேண்டும்.